தந்திகளை இறக்கிவிடலாமா?

அன்புள்ள மகளுக்கு,

இங்கே கிரீன்ஸ்பரோவில் அனைவரும் நலம். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தொலைபேசியில் அழைத்தால் வேலை இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். கேட்க வேண்டியதும் சிறிய காரியம்தான். மார்ச்சில் வந்துவிட்டுப் போர்ட்லாண்டுக்குத் திரும்பியபோது மாடி அறை அலமாரியில் நீ விட்டுச் சென்ற வயலின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான்கு தந்திகளும் ஏ, ஈ, ஏ, ஈ என்றே நிற்கின்றன. கீழ்த் தந்திகள் இரண்டையும் அவற்றின் வழக்கமான ஜி, டி இடத்திலிருந்து ஒரு முழுச் சுரம் ஏற்றி மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், மேற்பலகைக்கும் நல்லதல்ல என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். அப்படிச் சொன்னவள் இறக்காமல் போனது ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. இறக்கிவிடலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல். அப்பா தானே இறக்குவதாகச் சொல்கிறார். அவர் கையில் தந்தி முறுக்கும் பிரடை என்ன பாடுபடும் என்பது உனக்குத் தெரியும்.

அந்தச் சுருதியை அவிழ்க்க எனக்கு மனம் வராததற்கும் காரணம் உண்டு. மவுண்ட் ஏரியில், ஓல்ட்-டைம் என்னும் மலைநாட்டுப் பழைய ஆட்ட இசை வாசிக்கும் ஜூன் மாதப் பிடில் போட்டிக்கு உன்னை முதன்முதலாக அழைத்துச் சென்றபோது, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு முதியவர் தம் பிடிலைத் தோளில் வைக்காமல் மார்பில் சாய்த்து வைத்துக்கொண்டு தந்திகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். "அம்மா, இது ஸ ப ஸ ப" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். கணுக்காலில் வயலினின் தலையை ஊன்றிச் சம்மணமிட்டு அமர்ந்து அத்தையிடம் நீ கற்றுக்கொண்ட அதே ஏற்பாடு, வடகரோலினாவின் மலையடிவாரத்தில், கர்நாடக சங்கீதம் என்று ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிராத ஒருவர் கையில் இருந்தது. வில்லை ஒரே சமயத்தில் இரண்டு தந்திகளின் மீது இழுப்பார்கள். ஒன்றில் மெட்டு ஓடும், பக்கத்துத் தந்தி சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தொடாத தந்திகளும் கூடவே அதிரும். அதற்காகத்தான் அவர்கள் தந்திகளை மாற்றிக் கட்டுகிறார்கள் என்பதை யாரும் விளக்காமலே நீ புரிந்துகொண்டாய். அத்தைக்கு அது இன்றுவரை உடன்பாடில்லை. வர்ணம் வாசித்த பெண் ஆட்டத்துக்கு வாசிக்கப் போனாள் என்றே இன்னும் சொல்கிறார். அவர் சொல்லட்டும். எழுத்தில்லாமல், காதால் மட்டும் கேட்டு, ஒரே மெட்டின் இரு பகுதிகளையும் இருபது முறை சுற்றிச் சுற்றி வாசித்தாலும் வில்லின் இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது மாறுவதைக் கண்டுபிடித்த காது அத்தை கொடுத்த காதுதான் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

பிடில்காரர் டாமி ஜேரலின் கதையை எட்டாம் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி நீ தூங்கவிடாமல் செய்தது நினைவிருக்கிறதா? 1901-இல் பிறந்தவர். மவுண்ட் ஏரிக்கு அருகிலுள்ள ரவுண்ட் பீக் பகுதியின் வாசிப்பு முழுவதையும் தந்தையிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பெற்றிருந்தும், வயிற்றுப்பிழைப்புக்காக நெடுஞ்சாலைத் துறையில் சாலையைச் சமப்படுத்தும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். 1966-இல் ஓய்வு, மறு ஆண்டே மனைவி இறந்தார். அதன் பிறகுதான் பிடிலை முழுமூச்சாகக் கையில் எடுத்தார். எங்கிருந்தெல்லாமோ வந்த இளைஞர்கள் அவர் வீட்டில் தங்கி, அவர் சமைத்துப் போட்டதை உண்டு, அவர் வில்லைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1982-இல் தேசிய அளவிலான மரபுக்கலை விருதும் கிடைத்தது. அவருடைய பிடிலை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் தேடி அலைந்து அப்பாவின் முழங்காலுக்கு வேலை வைத்தவளும் நீதான். வாசிப்பைச் சில காலம் தள்ளிவைப்பது குற்றமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் அவர் தள்ளிவைத்தபோதும் பிடில் அவர் வீட்டில்தான் இருந்திருக்கும். நாட்டின் மறுகோடியில் இருக்கும் தாய் வீட்டு அலமாரியில் அல்ல. அங்கே வாடகைக்காவது ஒன்று எடுத்துக்கொள். வாசிக்கத் தோன்றாத நாளில் சுருதி மட்டும் சேர்த்துவிட்டு மூடி வை.

போன வாரம் மெபின் வழியாக வந்தோம். ஜோ தாம்ப்சனைப் பற்றித்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பது உன்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்த கறுப்பினப் பிடில்காரர். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கருவி என்பதையும், அவர்கள் பிடிலையும் பாஞ்சோவையும் சேர்த்து ஆட்டங்களுக்கு வாசித்துவந்ததையும், 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் வெள்ளையர் பாட்டுக்கு ஒரு பட்டியலும் கறுப்பர் பாட்டுக்கு வேறொரு பட்டியலும் போட்டு இந்த இசையை வெள்ளையர் பட்டியலில் மட்டும் அடைத்துவிட்டதையும், பள்ளியில் நீ எழுதிய கட்டுரையைத் தட்டச்சு செய்தபோதுதான் நான் அறிந்தேன். அந்தக் கூட்டங்களில் உன் நிறத்தில் இன்னொரு பிள்ளையைக் காணாமல் நான் தயங்கிய நாட்களில், "ஜோ இருந்தாரே அம்மா" என்று ஒற்றை வரியில் என் வாயை அடைப்பாய்.

எனக்கு அவர் வாழ்க்கையில் வேறொன்றுதான் பெரிதாகப் படுகிறது. அவருக்குப் பாஞ்சோ வாசித்தவர் ஒன்றுவிட்ட சகோதரர் ஓடல் தாம்ப்சன். ஒருவர் வில் எங்கே திரும்பும் என்று மற்றவர் விரலுக்குத் தெரியும் அளவுக்குச் சேர்ந்து வாசித்தவர்கள். 1994-இல் ஓடல் கார் மோதி இறந்துபோனார். அந்த இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க எந்தப் பிடில்காரருக்கு மனம் வரும்? 2001-இல் ஜோவுக்குப் பக்கவாதமும் வந்தது. ஆனாலும் அவர் பெட்டியை மூடவில்லை. 2005-இல் மூன்று இளைஞர்கள் அவரைத் தேடி வந்து அவர் வீட்டிலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டு, கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற பெயரில் குழு அமைத்து கிராமி விருது வரை போனார்கள். 93 வயதில் 2012-இல் அவர் இறந்தார். ஓடலோடு வாசிப்பு முடிந்தது என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்திருக்கும்? இது ஜோவைப் பற்றிச் சொல்வது மட்டும்தான். நீ வேறு எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாஞ்சோ இல்லாமல் இந்த இசைக்கு உயிரில்லை என்று நீ ஒரு முறை வாதாடினாய். க்ளாவ்ஹாமர் முறையில் நகத்தால் கீழ்நோக்கித் தட்டி, கட்டைவிரலால் குட்டித் தந்தியை மீட்டும் அந்தத் தாளம் வில்லுக்குள் நுழைந்து வெளியே வருவதைக் கேட்டவர்கள் அதை மறுக்க முடியாதுதான். ஆனால் கென்டக்கியில் டபிள்யூ. எச். ஸ்டெப் என்ற பிடில்காரர் 1937-இல் நாட்டுப்பாடல் சேகரித்துவந்த ஆலன் லோமாக்ஸின் பதிவுக்கருவி முன் நெப்போலியனின் பின்வாங்கலைப் பெயராகக் கொண்ட அந்த மெட்டைத் தனியாக வாசித்தாரே! பாஞ்சோ இல்லை, கித்தார் இல்லை. தந்திகள் டி, டி, ஏ, டி. அதாவது ஸ ஸ ப ஸ. அடித்தந்திகள் இரண்டும் ஆதாரமாக நின்று முழங்க, ஒற்றை ஆள் ஒரு கூட்டத்தையே ஆட்டிவைக்கிற வாசிப்பு. அதைக் குறிப்பெழுதி வைத்ததிலிருந்துதான் இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் 1942-இல் தமது பாலே இசைக்கு எடுத்துக்கொண்டார். வர்ஜீனியாவின் கேலக்ஸில் நடக்கும் பிடில் போட்டியில் இளையோர் பிரிவில் நீ தனியாக மேடையேறி வாசித்ததும் அதே மெட்டைத்தான். ஃபெல்ட்ஸ் பூங்காவின் ஈரப் புல்லில் மடக்கு நாற்காலியோடு நின்றுகொண்டிருந்த என்னிடம், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் இது யார் பிள்ளை என்று கேட்டார். என் பிள்ளை என்று சொன்னேன். அன்று உன் பக்கத்தில் யாரும் இல்லை. நீயாகத்தான் தாளம் தவறாமல் வாசித்தாய். ரிப்பன் வாங்கியதை இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னாய். அப்போதே எதையும் நேரத்தில் சொல்லும் வழக்கம் உனக்கு இல்லை.

கேலக்ஸ் இந்த ஆண்டும் ஆகஸ்டில்தான். 1935-இல் தொடங்கியதை ஊர்க்காரர்கள் இன்னும் நடத்துகிறார்கள். நாம்தான் போகாமல் இருக்கிறோம். நீ வருவதாக இருந்தால் அப்பா விடுப்புச் சொல்ல வேண்டும். போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவில் கூடாரங்களுக்கு நடுவே யாராவது ஏ சுருதியில் ஒரு மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஓரமாக நின்று தெரிந்த மெட்டு வரும்போது சேர்ந்துகொண்டால் போதும். அங்கே யாரோடு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கமாட்டேன்.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. அத்தைக்குக் கண்புரை அறுவை நன்றாக முடிந்தது. அதிரசம் செய்தேன். தம்பிக்குப் பிடிக்குமே என்று அப்பா வழக்கம்போல் இரண்டு பங்காகக் கட்டச் சொன்னார். கட்டிவைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

சரியாகச் சாப்பிடு. கையில் ஒரு வயலின் இல்லாமல் இருக்காதே. வாசிக்கத் தோன்றாவிட்டாலும் சுருதி சேர்த்து வை. உன்னுடையதையே அனுப்பச் சொன்னால், கடையில் கொடுத்து நன்றாகப் பொதிந்து காப்பீட்டோடு அனுப்புகிறேன். அவர்கள் தந்திகளைச் சற்றுத் தளர்த்தித்தான் பொதிவார்களாம். அதற்கு நீ சம்மதித்தால் போதும். அதிரசத்தையும் அதே பெட்டியோடு சேர்க்கலாம். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுது. எங்களிடம் இருப்பது பழைய முகவரி.

அன்புடன்,
அம்மா