கொதிகலன் அறையில் உழைத்தவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடற்படை நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட 1971 இந்திய-பாகிஸ்தான் போர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கப்பல்கள், தளபதிகள், தாக்குதல் திட்டங்கள் எல்லாம் விரிவாக இருந்தன. கப்பலின் அடித்தளத்தில் வேர்வை சிந்திய மாலுமிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த டிசம்பரில் விமானந்தாங்கிக் கப்பலான பழைய ஐ.என்.எஸ். விக்ராந்த், கொதிகலன் ஒன்றில் விரிசல் இருந்த நிலையில்தான் வங்கக் கடலில் போரிட்டது. அதன் கொதிகலன் அறையில் பணியாற்றியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். மாதுங்கா வீட்டில் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளுக்குக் கப்பல் முடிச்சுகள் போடக் கற்றுக்கொடுப்பார். கைகள் முடிச்சில் இருக்கும்போது மட்டுமே அந்த அறையின் வெக்கையைப் பற்றிப் பேசுவார். பதக்கத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சென்ற மாதம் அவர் காலமானார். விக்ராந்தையும் 2014-இல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இனியும் தாமதிப்பது நியாயமல்ல. மும்பைத் தமிழ் அமைப்புகள், செம்பூரிலும் சயானிலும் வாழும் ஓய்வுபெற்ற தமிழ் மாலுமிகளை வீடு தேடிச் சென்று அவர்கள் நினைவுகளை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழ் ஒவ்வொரு டிசம்பரிலும் அவற்றுக்கு அரைப்பக்கமாவது ஒதுக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மாதுங்கா, மும்பை