முழங்காலால் பிடி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. நீ போனை எடுக்கிறாய் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சி இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

பொங்கலுக்கு வந்தபோது சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினாயே, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய்? பார்த்தேன். நீ திரும்பிக்கொண்டாய்.

உன் ஆர்15 பைக்கில் ஹேண்டில் தாழ்வு, கால் வைக்கிற இடம் பின்னால். முன்னுக்குச் சாய்ந்துதான் ஆகவேண்டும். ஆனால் இடுப்பிலிருந்து சாய வேண்டும், கையில் ஊன்றக் கூடாது. தொடையாலும் முழங்காலாலும் டேங்கை இறுக்கிப் பிடி, வயிறும் முதுகும் உடம்பைத் தாங்கட்டும். முழங்கையை விறைத்து வைத்தால் ரோட்டுக் குழியெல்லாம் மணிக்கட்டுக்குத்தான் வரும்.

ஹட்டன் கராஜ் பாஸிடமும் கேட்டேன். இந்த மாதிரி பைக்கில் வேகமாகப் போனால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்குமாம், கைக்குப் பாரம் குறையுமாம். நம் நாட்டில் அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை விடுவதே இல்லை. கொழும்பு டிராபிக்கில் காற்று எங்கே வரப்போகிறது? கிளட்ச், பிரேக் பிடிகள் மேலே தூக்கி நின்றால் மணிக்கட்டு மடங்கிக்கொண்டே இருக்கும். விரலை நீட்டினால் முன்கைக்கு நேராக வருகிற மாதிரி இறக்கிக் கட்டச் சொல்கிறார். சின்ன வேலை, செய்துவிடு.

கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பு முன்னுக்கு வழுக்கும், மொத்தப் பாரமும் கைக்கு வரும். கியரைக் குறைத்து இறங்கு. முழங்காலால் பிடி. சித்தப்பா விஷயத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆபீசுக்குப் போய்வருகிற தூரத்துக்கு விரல் இவ்வளவு மரக்காது, நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்குத்தான் இப்படி வரும் என்கிறார் பாஸ். அவர் சொன்னதைச் சொன்னேன், வேறொன்றுமில்லை. ஹேண்டிலில் புதிதாகப் போன் ஸ்டாண்ட் பூட்டியிருக்கிறாய். ஜாக்கெட்டில் இரண்டு தோளிலும் பை வார் தேய்ந்த தடம். இத்தனை வருஷம் இருந்த கொழும்பில் உனக்கு வழி தெரியாதா? நம் தோட்டத்து டிவிஷனில் கம்பியூட்டர் படித்து ஆபீசில் உட்கார்ந்த முதல் பிள்ளை நீதான். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை இன்னமும் விசாரிக்கிறார். நல்லா இருக்கிறான் என்கிறேன். அப்பனுக்கு ஒரு போன் எடுக்கத் தெரியாதவனை வேறு என்ன சொல்ல?

தங்கச்சி உன் ஆபீஸ் நம்பருக்கு எடுத்தாளாம். என்ன சொன்னார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி. அடிக்கடி நிறுத்திக் கையை உதறு. உள்ளங்கையில் நரம்பு நசுங்கித்தான் அந்த இரண்டு விரலும் மரக்கிறது. அப்படியும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டு, தள்ளிப்போடாதே. முழங்காலால் பிடி.

அப்புறம், இந்த மாதம் காசு அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். சீட்டுக்காசை நான் கட்டிவிட்டேன். நீ பைக் லீசிங்கைப் பார்த்துக்கொள்.

அப்பா