ஆங்கிலச் சொல் நோட்டு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பையில் இந்த மாதம் முதல் ஒரு நாற்பது பக்க நோட்டு கூடுதலாக இருக்கும். கடினமான ஆங்கிலச் சொற்களுக்கான நோட்டு அது.

"ஆயிரம் பெரிய வார்த்தைகளைக் கொடுத்து மனப்பாடம் பண்ண வையுங்க சார்" என்று பெற்றோர் கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். சிலர் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலையே அச்செடுத்துக் கொண்டுவந்தீர்கள். அக்கறை புரிகிறது. ஆனால் அதில் பாதிச் சொற்கள் ஆங்கிலச் செய்தித்தாளில்கூட அபூர்வமாகத்தான் வரும். அதை நாங்கள் செய்யப் போவதில்லை.

பிள்ளைகள் தடுமாறுவது வேறு இடத்தில். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களில் திரும்பத் திரும்ப வரும் அனலைஸ் (பகுத்துப் பார்), எஸ்டிமேட் (மதிப்பிடு), டெரைவ் (வருவி), சிக்னிஃபிகன்ட் (குறிப்பிடத்தக்க) போன்ற சொற்கள்தான் காலை வாருகின்றன. கேள்வியே புரியாமல் போனால், தெரிந்த பதிலையும் எழுத முடியாது. நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000இல் இத்தகைய 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் கூட்டங்களை, தொகுத்தார். உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இவற்றைச் சேர்ந்ததுதான். நாங்கள் அங்கிருந்தும் பாடப்புத்தகத்திலிருந்தும் வாரத்துக்குப் பத்துச் சொற்கள் எடுக்கிறோம். பத்து போதுமா என்று கேட்பீர்கள். மனதில் நின்றால் போதும்.

சொல்லுக்கு எதிரே ஒரு பொருளை எழுதிவிட்டு நகர்வதும் உதவாது. 'கான்டக்ட்' சர்டிபிகேட் உங்கள் எல்லோருக்கும் தெரியும்; அங்கே அது நடத்தை. இயற்பியலில் செம்பு மின்சாரத்தை 'கான்டக்ட்' செய்கிறது என்றால் கடத்துகிறது. தேர்தலை 'கான்டக்ட்' செய்தால் நடத்துகிறார்கள். அதனால் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று விஷயம் இருக்கும்: பாடத்தில் அது வந்த வரி, தமிழில் பொருள், பிள்ளை தானே எழுதிய ஒரு வாக்கியம். மூன்றாவதுதான் கஷ்டம். கைடைப் பார்த்து எழுதினால் உடனே தெரிந்துவிடும், ஒரே வாக்கியம் இருபது நோட்டில் இருக்கும்!

பொதுத்தேர்வு மதிப்பெண் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஒரே பொருள் தரும் சொல்லுக்கு மூன்று மதிப்பெண், எதிர்ச்சொல்லுக்கு மூன்று. அவையும் வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கப்படுகின்றன.

படித்தது மறப்பது இயல்பு. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து, மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மிக வேகமாக நடக்கிறது என்று 1885இலேயே எழுதினார். ஆகவே ஒரு சொல்லை மறுநாள் ஒருமுறை, வாரக் கடைசியில் ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை கேட்போம். தேர்வுக்கு முந்தைய இரவில் நூறு சொற்களை உருப்போடுவதைத் தயவுசெய்து ஊக்குவிக்காதீர்கள்.

சரி, வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்? ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன, எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் பிள்ளைக்கும் புரிந்திருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிடம் போதும். தப்பாகச் சொன்னால் திட்ட வேண்டாம், அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து அனுப்புங்கள், ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

அகராதி வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. லிப்கோ அகராதி வீட்டில் பழையது இருந்தாலும் நல்லது. இல்லாதவர்கள் மதிய இடைவேளையில் பள்ளி நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமைதோறும் நோட்டில் உங்கள் கையெழுத்து வேண்டும். கேட்டுப் பார்த்த பிறகு போடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்