சேலைக்குக் கீழே ஷூ

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். புதன்கிழமை போகிற போக்கில் ஒன்று சொன்னாயே, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி இருக்கிறது, நாலு அடி நடந்தால் சரியாகிவிடுகிறது என்று. அந்த வலியை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் சிமெண்ட் தரையில் தட்டைச் செருப்போடு நின்று பாடம் நடத்தினவள் நான். உனக்கு இப்போதே வருவானேன் என்றுதான் அன்றைக்கு ராத்திரி யோசித்துக்கொண்டே கிடந்தேன். மெட்ரோவில் இறங்கி ஆபீஸுக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கிறாய் சரி. எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறாய்? போன தீபாவளிக்கு வந்தபோது வாசலில் கிடந்த அந்த அப்பளம் மாதிரிச் செருப்பைத்தானே?

செருப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ எனக்கு ஒரு சாம்பல் நிற ஷூ அனுப்பினாய். நீ கேட்டபோதெல்லாம் "போட்டேன், நல்லா இருக்கு" என்றேன். போடவே இல்லை. அவ்வளவு விலை போட்டு மகள் வாங்கித் தந்ததை ரோட்டில் தேய்க்க மனசு வரவில்லை. பெட்டியோடு பீரோவின் அடித்தட்டில், பட்டுச் சேலைகளுக்குப் பக்கத்தில் ரசகற்பூரம் போட்டு வைத்திருந்தேன். போன தை மாதம் சர்க்கரை கொஞ்சம் கூட இருக்கிறது, தினமும் ஒரு மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வெளியே எடுத்தேன். பார்க்கப் புத்தம் புதுசு. இரண்டாம் நாள் சமாதானபுரம் பக்கம் போகும்போது இடது கால் லேசாக இழுபடுகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் பழைய கேக் மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்து ரோட்டில் கிடக்கிறது.

அங்கே குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்பு தைக்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். "தைச்சாலும் நிக்காது, ஒட்டுனாலும் நிக்காதும்மா. உள்ள மாவாப் போச்சு. போடாமலே வச்சிருந்தியளோ?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சணலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, வீடு வரைக்கும் தாங்கும் என்று அனுப்பினார். காசு கொடுத்ததற்கு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தால், இது நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். சில ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்தது. காற்றில் இருக்கிற ஈரமே அதை வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். நீராற்பகுத்தல் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! காற்றுப் போகாத பெட்டிக்குள் பூட்டி வைத்தால் இன்னும் மோசம். போட்டு நடந்திருந்தால் ஒரு வருஷமாவது உழைத்திருக்கும். உன் காசை நான் பூட்டி வைத்தே தின்றுவிட்டேன். மன்னித்துக்கொள்.

அப்புறம் நானே கடைக்குப் போனேன். அதற்கும் இரண்டு வாரம் தயங்கினேன். சேலைக்குக் கீழே ஷூவா என்று உன் ஆச்சி உயிரோடு இருந்தால் ஒரு வாரம் பேசியிருப்பாள். ஆனால் காலையில் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் வந்து பார். வேட்டியை மடித்துக் கட்டி ஷூ போட்ட அண்ணாச்சிமார், சுடிதாருக்கு, சேலைக்கு ஷூ போட்ட என் வயசுக்காரிகள், ஒரு படையே போகிறது. யாரும் யார் காலையும் பார்ப்பதில்லை. நான்தான் எல்லார் காலையும் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

கடையில் பையன் "என்ன சைஸும்மா?" என்றான். ஆறு என்றேன். கல்யாணமான நாளில் இருந்து ஆறுதான் எனக்கு. அவன் அளவுக்கட்டையில் நிற்கச் சொன்னான். ஏழுக்குப் பக்கம் வருகிறது, அதிலும் வலது கால் இடதைவிடக் கொஞ்சம் கூட. கால் அப்படியே இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் பாதத்தின் தசைநார்க்கட்டு தளர்ந்து வளைவு தாழ்ந்தால், சிலருக்கு அது பழையபடி திரும்புவதே இல்லை. வயசானாலும் பாதம் அகன்று பரவும். நீ வயிற்றில் இருந்தபோது வீங்கின காலை நான் இத்தனை வருஷமும் ஆறாம் நம்பருக்குள் திணித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உனக்கும் பேரன் பிறந்து ஐந்து வருஷமாகிறது. அதற்குப் பிறகு என்றைக்காவது கால் அளந்திருக்கிறாயா?

ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் எட்டரை மில்லிமீட்டர். வாற்கோதுமை மணி ஒன்றின் நீளத்தை வைத்து வெள்ளைக்காரன் போட்ட கணக்கு அது. நாம் இன்னும் அவன் கணக்கில்தான் செருப்பு வாங்குகிறோம். அடையாறில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேருடைய கால்களை அளந்தது. நம் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. நமக்கென்று தனி அளவுமுறை வேண்டும் என்று பாரதத்தைக் குறிக்கிற 'பா' என்ற பெயரில் ஒன்றைச் சொல்லியும் இருக்கிறார்கள். பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. என் கால்தான் கோணல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நீளத்தைவிட அகலம்தான் நம்மைப் படுத்துவது. பெண்களுக்கு என்று வைத்திருந்ததில் நாலைந்து ஜோடி போட்டுப் பார்த்தேன். எல்லாம் முன்பக்கம் குவிந்துகொண்டே போகிறது. சுண்டுவிரல் அழுகிறது. "பழகப் பழக லூசாயிரும்மா" என்றான் பையன். இதை மட்டும் நம்பிவிடாதே. தோல் ஷூ என்றால் கொஞ்சம் இளகும். இந்தக் காலத்து வலைத்துணி ஷூ முதல் நாள் கடித்தால் கடைசி நாளும் கடிக்கும். "ஆம்பளைகளுக்கு உள்ளதுல ஏழு எடுப்பா" என்றேன். சிரித்தான், ஆனால் எடுத்து வந்தான். நீளம் ஒன்றுதான், அகலம் கூட. கால் உள்ளே போனதும் விரல் ஐந்தும் விரிந்து உட்கார்ந்தது. கறுப்பு நிறம்தான் கிடைத்தது. இருக்கட்டுமே.

மெட்டி விஷயம் ஒன்று இருக்கிறது, இதைக் கடைக்காரன் எவனும் சொல்லமாட்டான். எனக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம் என்பது உனக்குத் தெரியும். புருஷனை அடக்கி ஆளுவாள் என்று உன் ஆச்சி முதல் நாளே சொன்ன விரல். மெட்டியும் அதிலேதான். ஷூவின் முன்பக்கம் தாழ்வாக இருந்தால் மெட்டி விரலை அழுத்தும், சாக்ஸிலும் மாட்டி நூலை இழுக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சின்னப் புண் என்றாலும் சின்னதில்லை. நான் கடையில் மெட்டியோடும் சாக்ஸோடும்தான் போட்டுப் பார்த்தேன். இப்போது வேலைப்பாடு இல்லாத மெல்லிய மெட்டியாக மாற்றிவிட்டேன். நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் இடையே கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் ஏமாந்துபோவாய். உடம்பின் பாரம் இறங்கினால்தான் பாதம் முழுசாக நீளும். சாயந்திரம் போ. பகல் பூரா நடந்து கால் வீங்கியிருக்கும்போது பொருந்துவதுதான் எந்நேரமும் பொருந்தும்.

கையில் எடுத்துப் பார்க்கவும் கொஞ்சம் இருக்கிறது. நுனியையும் குதியையும் பிடித்து வளைத்தால் விரல்கள் தொடங்குகிற இடத்தில் மடிய வேண்டும். நட்ட நடுவில் தோசை மாதிரி மடிந்தால் வைத்துவிட்டு வா. ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பார், கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். குதியைச் சுற்றி இருக்கிற பின்சுவர் கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கக் கூடாது. நடக்கும்போது குதிகால் உள்ளே ஏறி இறங்கினால் இரண்டே நாளில் கொப்புளம்.

இப்போது இட்லித் தட்டை அடுக்கினது மாதிரி உயரமான அடி வைத்த ஷூக்கள் வருகின்றன. பக்கத்து வீட்டு மதினி ஒன்று வாங்கி, பேவர் பிளாக் கல் ஒன்று பெயர்ந்திருந்த இடத்தில் கால் பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தாள். ஓடுகிறவனுக்கு ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு தரையில் இறங்கும், அவனுக்குத் தடிமன் வேண்டும். நடக்கிறவளுக்கு ஒன்று, ஒன்றேகால் மடங்குதான். நம் நடைபாதையோ உனக்குத் தெரியாததா? பத்தடி கல், அப்புறம் சாக்கடை மூடி, அப்புறம் நிறுத்தி வைத்த பைக், இறங்கி ரோட்டில் நாலடி, மறுபடி ஏற்றம். தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரிய வேண்டும். பெங்களூரிலும் இதே கதைதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை மட்டும் ஷூ கிடையாது. அன்றைக்கு நடை டவுனில், ரத வீதி நாலையும் சுற்றிவிட்டு நெல்லையப்பரையும் காந்திமதியையும் பார்த்துவிட்டு வருவது. கோவில் வாசலில் உட்கார்ந்து லேஸ் அவிழ்ப்பதும், திரும்பி வந்து ஜோடி இருக்கிறதா என்று தேடுவதும் பக்திக்கு ஆகாது. தொலைந்தால் வருத்தப்படாத பழைய செருப்பு ஒன்று அதற்கென்றே இருக்கிறது. அது இன்னும் தொலைந்தபாடில்லை.

மழைக்காலத்தில் நனைந்தால் உள்ளே இருக்கிற மெத்தையை உருவிவிட்டு, பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து நிழலில் காயவை. வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். போடுமுன் ஒரு தட்டுத் தட்டிக்கொள். போன ஐப்பசியில் என் ஷூவுக்குள் ஒரு பூரான் குடியிருந்தது. அதுவாவது உனக்கு மாடி வீட்டில் வராது.

ஒரு ஷூ சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் வரைக்கும் என்பார்கள். அப்புறம் மேலே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பஞ்சு செத்துப்போகும். நான் நாளுக்கு 4 கிலோமீட்டர், 200 நாளில் 800. வாங்கின தேதியை நாக்குப்பகுதியின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். வாத்திச்சி புத்தி.

இனி உன் குதிகால். டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். குதியில் இருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடியில் ஓடுகிற தடித்த நார் ராத்திரி பூரா சுருங்கிக் கிடந்து, முதல் அடியில் திடீரென்று இழுபடுவதால் வருகிற வலியாம் அது. இறங்குமுன் கட்டிலிலேயே உட்கார்ந்து துண்டைப் பாதத்தில் கொடுத்து உன் பக்கம் மெதுவாக இழுத்துப் பிடி. தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து அதன்மேல் பாதத்தை உருட்டு. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதே. வீட்டுக்குள் செருப்பா என்று நானே உன்னை ஏசியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். இப்போது நானே மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்கென்று வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போவதில் முதல் இரண்டு நாள் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பூஜை அறைப் பக்கம் மட்டும் இன்றைக்கும் கொண்டுபோவதில்லை.

அப்பாவை மட்டும் மாற்ற முடியவில்லை. ஹவாய்ச் செருப்போடுதான் கூட வருகிறார். நடந்து முடித்ததும் டீக்கடையில் இரண்டு உளுந்த வடை, கேட்டால் "நடந்துட்டம்லா" என்கிறார்.

இந்தக் கவரில் இரண்டு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்ததும், இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நின்று, ஒவ்வொரு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல். நீயே குனிந்து போட்டால் பாரம் மாறிவிடும். மாப்பிள்ளையோ பேரனோ போடட்டும், பென்சிலை மட்டும் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடிக்கச் சொல். அதில் ஒரு தாளை எனக்குத் தபாலில் அனுப்பு. இன்னொன்றின்மேல் நீ இப்போது போடுகிற செருப்பை வைத்துப் பார், கோடு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று.

நாலு மணியாகிறது. அப்பா தபால்பெட்டிக்குப் போகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார். அடுத்த மாதம் யாராவது நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்தால் அல்வா கொடுத்து அனுப்புகிறேன், உனக்கும் மாப்பிள்ளைக்கும்தான். நான் இப்போது தொடுவதில்லை, அப்பா சொன்னால் நம்பாதே.

அன்புடன்,
அம்மா