எட்டாண்டுப் படிப்பும் ஒரு மீட்டர் கயிறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிகள் இவ்வளவு பெருகியும் பொருளாதாரம் ஏன் வளரவில்லை என்று உங்கள் வாசகர் ஒருவர் சென்ற வாரம் கேட்டிருந்தார். 33 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இது அவசரக் கணக்கு என்பேன்.

இன்று பள்ளியில் சேரும் குழந்தை வேலைக்குப் போகவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒருவர் 40 ஆண்டுகள் உழைப்பதாக வைத்துக்கொண்டால், உழைப்பாளர்களில் ஆண்டுக்குச் சுமார் நாற்பதில் ஒரு பங்கினரே புதியவர்கள். மற்றவர்கள் பழைய படிப்போடுதான் இருப்பார்கள். ஐந்தாண்டு வளர்ச்சி விகிதத்தில் பள்ளியின் பலனைத் தேடினால் எப்படி அகப்படும்? ஜப்பான் 1872இல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. செலவு தங்கள் தலையில் விழுந்த ஆத்திரத்தில் விவசாயிகள் சில இடங்களில் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தவே செய்தார்கள். 1900இல் கட்டணம் நீங்கிய பிறகுதான் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள்.

வாசகர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. படிப்பு ஆண்டுகள் கூடிய வேகத்துக்கும் உற்பத்தி வளர்ச்சிக்கும் நாடுகளிடையே தொடர்பு தென்படவில்லை என்று பொருளாதார அறிஞர் லாண்ட் பிரிட்செட் 2001இல் எழுதினார். அதைப் படித்தபோது என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். பின்னங்களைப் பெருக்கும் விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். ஒருநாள் ஒரு மீட்டர் கயிற்றைக் கொடுத்து, "ஐந்தில் ஒரு பங்கை வெட்டு" என்றேன். அளவுகோலை வைத்துப் பார்த்து, ஐந்தாவது சென்டிமீட்டரில் கத்தரியை வைத்தாள். பதிவேட்டில் அவளுக்கு எட்டாண்டுப் படிப்பு. ஒப்பித்ததற்கு முழு மதிப்பெண் போட்டவனும் நான்தான்.

எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மான் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் படிப்பு ஆண்டுகளை எண்ணுவதோடு நிற்காமல், சர்வதேசத் தேர்வுகளில் மாணவர்கள் எடுத்த கணித, அறிவியல் மதிப்பெண்களை வளர்ச்சியோடு ஒப்பிட்டார்கள். தொடர்பு பளிச்சென்று தெரிந்தது. (வளம் வந்த பிறகுதான் பள்ளி வருகிறது என்பாரும் உண்டு. ஜேம்ஸ் வாட் தாம் மேம்படுத்திய நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1769இல். இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்ததோ 1870இல். அந்த வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன்.)

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் சேர்க்கை எண்ணிக்கையை வெளியிடும்போதெல்லாம், ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வகுத்தல் கணக்கு வருகிறது என்பதையும் அதன் பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்