தோட்டத்துல ஒரு சின்ன ரூம் கட்ட வழி சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குப் பின்னாடி தனியா ஒரு ஆபீஸ் ரூம் கட்டிக்கிறது பத்தி உங்க பேப்பர்ல ‘சொந்த வீடு’ பகுதில வந்த கட்டுரையைப் படிச்சேன், நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா போட்டோல இருந்த வீட்டைச் சுத்தி நாலு பக்கமும் புல்தரை. எங்க வடசென்னைல பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கமெல்லாம் பாதி மனைங்க ரயில் பெட்டி மாதிரி ஒல்லியா நீளமா இருக்கும், ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், நாங்க தோட்டம்னு சொல்றது கடைசில ஒரு கிணறு, துவைக்கிற கல்லு, பாத்ரூம், அவ்ளோதான்.

மாடில கட்டிக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. இங்க நிறைய வீடு இன்னும் மெட்ராஸ் டெரஸ் சார், தேக்கு கட்டைங்க மேல செங்கல்லை அடுக்கி சுண்ணாம்பு போட்டு கட்டினது, அதும்மேல ஒரு ரூம் வெயிட்டை ஏத்தச் சொன்னா நல்ல இன்ஜினியர் கையெடுத்து கும்பிட்டுட்டு போயிடுவாரு, கீழருந்து தனியா தூண் எழுப்பணும்னா அந்தக் காசுக்கு வேற வேலையே பாக்கலாம். அதனால ஒர்க் ஃப்ரம் ஹோம் பசங்க, டியூஷன் எடுக்குறவங்க, என்ன மாதிரி வீட்லருந்தே ஜிஎஸ்டி ஃபைல் பண்ணித் தர்றவங்க, வயசான அம்மா அப்பாவை தனியா ஆனா பக்கத்துலயே வச்சுக்கணும்னு நினைக்கிறவங்க எல்லாருக்கும் அந்தத் தோட்டம் மேலதான் கண்ணு.

சிக்கல் என்னன்னா, நாம காலி இடம்னு நினைக்கிறது 2019 கட்டட விதிகள் படி காலியாவே விட்டு வைக்க வேண்டிய செட்பேக்கா இருக்கலாம். 2024 ஜூலைல சுயசான்று திட்டம் வந்துச்சு, 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள வீடு, ஆன்லைன்ல போட்டா உடனே அனுமதின்னு, நல்ல விஷயம்தான், குறை சொல்லல. ஆனா புதுசா முழு வீடு கட்டுறவங்களை மனசுல வச்சு பண்ணதாதான் எனக்குப் படுது. தாத்தா காலத்து வீடு, பத்திரம் இன்னும் பெரியப்பா சித்தப்பா எல்லார் பேர்லயும் சேர்ந்தே கெடக்கு, பழைய பிளான் எங்க போச்சுன்னே தெரியாது, இதுல பின்னாடி 150 சதுர அடி ரூமுக்கு யார் போய் என்னன்னு அப்ளை பண்றது?

விளைவு, மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து நாலு சுவர் எழுப்பி மேல சிமெண்ட் ஷீட்டைப் போட்டுடுறாங்க. மே மாசத்துல அதுக்குள்ள லேப்டாப் வச்சு உக்காந்து பாருங்க தெரியும். அத விடக் கொடுமை கீழ இருக்கு, பழைய வீடுங்கள்ல சாக்கடை லைனும் அதைத் திறந்து சுத்தம் பண்ற தொட்டியான சேம்பரும் பல இடத்துல அந்தத் தோட்டம் வழியாதான் போகுது, அதை மூடி டைல்ஸ் ஒட்டிட்டா அடைச்சுக்கிட்ட அன்னிக்கு ரூமையே உடைக்கணும். மழைத்தண்ணி வேற. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைல எல்லாம் தண்ணி நிக்கும்னு பயந்து ரூமை மட்டும் ரெண்டடி ஏத்தி கட்டிடுறாங்க, அது சரிதான், ஆனா போற வழிய அடைச்சா அந்தத் தண்ணி பழைய வீட்டுக்குள்ளயும் பக்கத்து வீட்லயும்தான் ஏறும், அப்புறம் சண்டை. கடல் பக்கம் ஆச்சே, உப்புக்காத்துக்கு கம்பி துருப்பிடிச்சு சிலாப் உதிர்றதும் நடக்கும், காசு மிச்சம்னு கம்பிய மூடுற கான்கிரீட்டுல கை வைக்காதீங்கன்னு மேஸ்திரிங்ககிட்ட யாராவது சொல்லணும்.

கரண்ட் விஷயமும் உங்க கட்டுரைல இல்ல. வீட்டோட ஒட்டின மாதிரி 200 சதுர அடிக்குள்ள ப்ரொஃபஷனல் ஒருத்தர் கன்சல்டிங் ரூம் வச்சிருந்தா அதுக்கு வீட்டுக்கான கரண்ட் ரேட்தான்னு மின்வாரியக் கட்டண விதிலயே இருக்கு. டாக்டர் வக்கீல் சரி, கம்பெனி வேலைய வீட்லருந்து பாக்குற பொண்ணு? கணக்கு எழுதுற நானு? ரீடிங் எடுக்க வர்றவர் கடைன்னு எழுதிட்டுப் போனா யார்கிட்ட போய் நிக்கிறது?

மாநகராட்சியும், பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவும் இந்த மாதிரி ஒல்லி மனைங்களுக்கு ரெண்டு மூணு மாதிரி பிளான், ஜன்னல் எங்க, சேம்பர் எங்க, தண்ணி எப்படி வெளிய போகும்னு தமிழ்ல போட்டு ஒவ்வொரு மண்டல ஆபீஸ்லயும் ஒட்டட்டும், அந்த பிளான் படி கட்டுனா சின்ன ஃபீஸோட அனுமதின்னு வைக்கட்டும். 200 சதுர அடி விஷயம் யார் யாருக்குப் பொருந்தும்னு மின்வாரியத்துகிட்ட கேட்டு நீங்க பேப்பர்ல போட்டாலே எங்க தெருல பல பேருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை.