எங்கள் கரையை வரைபடத்தில் ஏற்றியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் உள்ள எங்கள் மீனவக் கிராமத்தின் பொது இடங்களைக் காட்டும் வரைபடம், கடலோரத்தில் எங்கே எதற்கு அனுமதி என்பதை வகுக்கும் அரசின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைவின் மீதான எங்கள் ஆட்சேபணை மனுவோடு சேர்த்து ஒப்படைக்கப்பட்டு, ஒப்புகைச் சீட்டும் கைக்கு வந்துவிட்டது. ஏழு மாத உழைப்பு அது. அதில் தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஊரின் சார்பிலும் வரைபடக் குழுவின் சார்பிலும் நன்றி சொல்வதற்காக இம்மடலை எழுதுகிறேன்.

வரைவுத் திட்டத்தின் வரைபடத்தைக் கணினியில் முதன்முதலாகத் திறந்து பார்த்த மாலையை நாங்கள் யாரும் மறக்கமாட்டோம். எங்கள் குடியிருப்பு ஒரு சிறிய கட்டமாக இருந்தது; அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. படகு ஏற்றும் கரை, வலை உலர்த்தும் திடல், ஏலம் போடும் இடம், கருவாட்டுக் களம் ஆகிய அனைத்தும் வெறும் மணலாகக் கிடந்தன. மீனவக் கிராமங்களையும் அவற்றின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் களங்களையும் கிராம நில அளவை வரைபட அளவில் குறித்துக் காட்ட வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறித்த 2011, 2019 ஆகிய இரண்டு அறிவிக்கைகளுமே சொல்கின்றன. அளவு என்பது இங்கே சாதாரண விஷயமன்று. நாற்பது மீட்டர் அகலமுள்ள ஒரு வலைத்திடல் 1:25,000 அளவுள்ள வரைபடத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. 1:4,000 அளவில் அதே திடல் ஒரு சென்டிமீட்டராகத் துலங்கும். வருவாய்க் கணக்கில் ஏற்கெனவே புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலம், வரைபடத்திலும் வெற்றிடமாகிவிட்டால், நாளை அங்கே வேலி போட வருகிறவரிடம் நாங்கள் எதைக் காட்டுவது?

இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்பே கேட்டவர்கள் சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர் மீனவர்கள். 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழியின் பெரும்பகுதி, பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த மற்றொரு வரைபடத்தில் இல்லாமல் போனதை அவர்கள் ஊரறியச் செய்திராவிட்டால், வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்திருக்காது. அவர்களுக்கு எங்கள் முதல் நன்றி.

அடுத்த நன்றி, மீன் விற்கும் எங்கள் அக்காமாருக்கும் அத்தைமாருக்கும். நாங்கள் இளைஞர்கள் கைப்பேசியோடு கரையை ஒருமுறை சுற்றிவந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடுகளை வரைந்து முடித்துவிட்டதாக நினைத்திருந்தோம். "வெயில் ஏறின பிறகு வந்து பார்த்தா கரையில என்ன தெரியும்? நாலு மணிக்கு வாங்க" என்றார் ஓர் அத்தை. அவர் சொன்னதே உண்மை. நிலத்தைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பல, காலை பத்தரை மணி வாக்கில் நம் தலைக்கு மேல் கடப்பவை. அதற்குள் எங்கள் கரையில் ஏலம் முடிந்து, கூடைகள் பேருந்து ஏறி, மணல் கூட்டிவிட்டதுபோல் ஆகியிருக்கும். விடியலுக்கு முன் சென்றபோதுதான் எந்த இடத்தில் படகு ஒதுங்குகிறது, எங்கே மீனைக் கொட்டிப் பிரிக்கிறார்கள், எந்த ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு சாலைக்கு நடக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. அந்தப் பாதையின் நடுவே இப்போது ஒரு சுற்றுச்சுவர் நிற்பதையும், அதனால் அவர்கள் தினமும் எவ்வளவு தூரம் சுற்றி நடக்கிறார்கள் என்பதையும் அவர்களே எங்களோடு நடந்து அளந்து காட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறி மணல் குறுகும்போது படகுகளைத் தெருமுனைவரை இழுத்து வைப்பதையும், கோடையில் கருவாட்டுக் களம் இரு மடங்காக விரிவதையும் அவர்கள் சொல்லித்தான் பருவத்துக்கு ஒன்றாக, ஒரே வரைபடத்தின் மேல் தனித்தனியாக வைத்துப் பார்க்கக்கூடிய அடுக்குகள் வரைந்தோம். இந்த வரைபடத்தில் சிறப்பென்று ஏதேனும் இருந்தால் அது இதுதான்.

ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், நில அளவைப் புலப்படங்களை வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றிச் சர்வே எண்களோடு பொருத்துவதற்குப் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்காகச் செலவிட்டார். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நாங்கள் இடம் மாற்றிப் பதிந்ததால் எங்கள் ஊர் ஆர்க்டிக் கடலில் போய் விழுந்தபோது, கடிந்துகொள்ளாமல், நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளை எங்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவர் அவர். கட்டணமில்லாத அந்த மென்பொருளையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தையும் உலகெங்கும் இருந்து உருவாக்கித் தரும் தன்னார்வலர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

ஊர்ப் பஞ்சாயத்தின் பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கடலுக்குள் மீன் கிடைக்கும் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், எங்கெங்கே உள்ளன என்பதை, கரையிலுள்ள கோபுரத்தையும் பனைகளையும் அடையாளம் வைத்துத் தலைமுறையாக அறிந்தவர்கள் நீங்கள். அவற்றையும் எங்களிடம் சொன்னீர்கள். ஆனால் பொதுவில் வைக்கும் வரைபடத்தில் அவை இடம்பெறக் கூடாது என்றும் சொன்னீர்கள். எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதைக் காட்டாமல் விடுவது என்பதும் ஊரின் முடிவு என்று அன்று புரிந்துகொண்டோம். அந்த அடுக்கு பஞ்சாயத்தின் பொறுப்பில் மட்டுமே இருக்கிறது.

கூட்டங்களுக்கு வகுப்பறை திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும், வரைபடத்தைப் பெரிய தாளில் அடக்க விலைக்கு அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், மனுவைச் சட்ட மொழியில் திருத்திக் கொடுத்த வழக்கறிஞருக்கும் மனமார்ந்த நன்றி.

மனுவின் மீதான முடிவு இன்னும் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் கரையின் தென்பகுதியை மீண்டும் ஒருமுறை நடந்து அளக்க இருக்கிறோம். அத்தை சொன்ன அதே நான்கு மணிக்கு ஏலம் போடும் இடத்தில் கூடுவோம். வர இயன்றவர்கள் வாருங்கள்.

இப்படிக்கு,
ஊர் வரைபடக் குழுவின் சார்பில்